கச்சான் காலத்தில் யாருக்கு எவ்வளவு தண்ணீர்? வீட்டுக்கு வீடு கணக்கு வேறா?

ஓர்ஸ்ஹில்_வாசி

திருகோணமலையில் கச்சான், அதாவது ஆனி, ஆடியில் வீசும் வரண்ட காற்று, அடிக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே செய்தி சுற்றுகிறது: "தினமும் 4 லீற்றர் தண்ணீர் குடியுங்கள், எந்த நோயும் அண்டாது." அனுப்புவது பெரியம்மா. அவரோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த 4 லீற்றர் யாருக்கும் பொருந்துவதாகத் தெரியவில்லை. அப்பாவுக்கு இருதய வருத்தம். தண்ணீரை அளந்து குடிக்கும்படி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி மேசன் வேலைக்குப் போகிறான். 4 லீற்றர் தனக்கு மத்தியானத்துக்கே காணாது என்கிறான். நான் கந்தோரில் ஏசிக்குக் கீழே இருப்பவன், தேத்தண்ணி நேரம் தவிர விடாயே தெரிவதில்லை. மகள் ஏழாம் ஆண்டு. காலையில் நிரப்பிக் கொடுக்கும் போத்தல் பின்னேரம் அப்படியே நிரம்பித் திரும்பி வருகிறது. கண்டித்தும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று.

யாருக்கு எவ்வளவு? படிப்போ அனுபவமோ உள்ளவர்கள் சொல்லுங்கள். "நிறையக் குடியுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம்.

சந்தேகப்பிராணி

பெரியம்மாவின் 4 லீற்றருக்கும், அதற்கு முன் ஓடிய "8 கிளாஸ்" கதைக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். 1945இல் அமெரிக்காவின் உணவு, போசாக்குச் சபை ஒன்று வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 2.5 லீற்றர் என்று எழுதியது. அதோடு சேர்த்து, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. முதல் வரி உலகம் சுற்றியது, இரண்டாவது வரி அங்கேயே நின்றுவிட்டது. 2002இல் ஹைன்ஸ் வால்ட்டின் என்ற உடற்றொழிலியல் பேராசிரியர் இந்த 8 கிளாஸுக்கு ஆதாரம் தேடிக் கட்டுரை எழுதினார். மிதமான காலநிலையில் உட்கார்ந்து வேலை செய்யும் சுகதேகிக்கு அப்படி ஒரு கட்டாயம் இருப்பதாக எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்பதுதான் அவர் முடிவு.

இப்போது புழங்கும் கணக்குகள்: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்னது பெண்களுக்கு 2 லீற்றர், ஆண்களுக்கு 2.5. அமெரிக்கர்கள் சொல்வது 2.7, 3.7. இரண்டுமே சோறு, கறி, பழம், தேத்தண்ணி எல்லாவற்றிலும் உள்ள நீரைச் சேர்த்த மொத்தம். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். வத்தகப்பழத்தில் 92 வீதம், வெள்ளரியில் 95 வீதம். பாண் தின்கிறவருக்கும் இரண்டு நேரம் சோறும் சொதியும் சாப்பிடுகிறவருக்கும் குடிக்க வேண்டிய அளவு ஒன்றாக இருக்க முடியாது.

என் கருத்து: விடாய்த்தால் குடியுங்கள், விடாய்க்காவிட்டால் விடுங்கள். உடம்புக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற_தாதி

சந்தேகப்பிராணி சொன்ன வரலாறு சரி. கடைசி இரண்டு வரிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு வீதம் கூடியதும் மூளை விடாயைக் கிளப்பும். அதற்குச் சற்று முன்னரே ஒரு ஹோர்மோன் சுரந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லிவிடும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் அது ஒழுங்காக வேலை செய்வது 20, 30, 40 வயதில், நிழலில் இருப்பவருக்கு. வயது போகப் போக விடாய் உணர்வு மங்கும். வெயிலில் வேலை செய்கிறவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றருக்கு மேல் வியர்க்கலாம். விடாய் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. விளையாட்டில் இருக்கும் பிள்ளைக்கு விடாய்த்தாலும் நினைவில் நிற்காது. வயிற்றோட்டம், சத்தி என்றால் கணக்கே வேறு.

கச்சானிடம் இன்னொரு தந்திரம் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக, சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. அவ்வளவு வரண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடும். சித்திரை மாதப் புழுக்கத்தில் சட்டை நனைந்து தெரியும், "ஐயோ வியர்க்கிறது" என்று குடிப்போம். ஆனி, ஆடியில் சட்டை காய்ந்தே இருக்கும், போனது தெரியாது. இந்த மாதங்களில் சலக்கடுப்பு என்றும் தலைச்சுற்று என்றும் வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பி ஓர்ஸ்ஹில், முதலில் உங்கள் அப்பா. அவருக்குக் கிளினிக்கில் சொன்ன அளவுதான் அளவு. பெரியம்மாவின் செய்தி அவருடைய போனுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருதயம் பலவீனமானால் கூடுதல் தண்ணீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கும். தினமும் காலையில் சலம் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன் நிறை பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். மறுபக்கமும் உண்டு: சலம் போக்கும் குளிசை எடுப்பவருக்கு வயிற்றோட்டம் வந்தால் சீக்கிரம் வற்றிவிடுவார். குளிசையை என்ன செய்வது என்று அன்றைக்கே வைத்தியரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.

கிண்ணியா_பாஸ்

தாதி மிஸ்ஸி சொன்ன காற்றுக் கதை நூற்றுக்கு நூறு. கொங்கிறீற் பிளேற் போடும் நாளில் எங்கள் பெடியன்களின் சட்டையில் பின்னேரம் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. தண்ணீர் மட்டும் போகவில்லை, உப்பும் சேர்ந்து போகிறது.

நான் வேலைத்தளத்தில் செய்வதை எழுதுகிறேன். ஓர்ஸ்ஹில் தம்பியின் தம்பிக்கு உதவும். பெரிய நீலக் கேன் ஒன்று நிழலில், ஈரச் சாக்குப் போர்த்தி. கேன் தூரத்தில் இருந்தால் ஒருவனும் போக மாட்டான், ஆகவே வேலை நகர நகர கேனும் நகரும். யாருக்காவது விடாய்க்கிறதோ இல்லையோ, கலவை ஒரு தட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரு கோப்பை. பத்து மணிக்குப் பிளேன்ரீயும் கடிக்கவும். பகலுக்குச் சோறு, கருவாடு அல்லது மீன் குழம்பு. 12இலிருந்து 2 வரை வெயிலில் ஆள் ஏற்றுவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் வீட்டுக்காரர்களோடு சண்டை வரும். வரட்டும்.

நோன்பு காலத்தில் கொங்கிறீற் வேலையை ஸுபஹு (விடியற்காலைத் தொழுகை) முடிந்த பிறகு தொடங்கி முற்பகலோடு நிறுத்துவோம். நோன்பு தொடங்க முன் ஸஹர் சாப்பாட்டில் இரண்டு லீற்றரை ஒரேயடியாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏழு மணிக்கே சலமாகப் போய்விடும். நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் உடம்பில் நிற்கிறது. கஞ்சியில் தண்ணீரும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_தாதி

நானா, உங்கள் கோப்பைக் கணக்கு புத்தகத்தில் உள்ளதுதான். வெயிலில் உழைப்பவர்களுக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் சொல்வது 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், ஆனால் மணிக்கு 1.4 லீற்றருக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டு நேரம் தவறாதவருக்கு உப்பு சோற்றிலிருந்தே வந்துவிடும். சோடா, சக்திப் பானம் தேவையில்லை.

நிலாவெளி_படகு

எல்லோரும் எவ்வளவு குடிப்பது என்கிறீர்கள். எங்கள் பக்கம் முதல் கேள்வி, எதைக் குடிப்பது?

ரவுனில் இருப்பவர்களுக்குக் கந்தளாய்த் தண்ணீர் குழாயில் வருகிறது. கரையோரத்தில் எத்தனையோ வீட்டுக் கிணறு ஆடி மாதம் உவர்த்துவிடும். கொதிக்க வைத்தால் உவர் போகும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். போகாது, தண்ணீர் ஆவியாகி உவர் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆகவே சனம் என்ன செய்கிறது? தண்ணீரைக் குறைத்துத் தேத்தண்ணியைக் கூட்டுகிறது, அதில் மூன்று கரண்டி சீனி, உவர் தெரியாமலிருக்க. பிறகு சலரோகக் கிளினிக்கில் வரிசை ஏன் நீளம் என்று கேட்கிறோம்.

நான் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குபவன். வெள்ளைக்காரர் ஒவ்வொருவரும் பெரிய போத்தலோடு வருவார்கள். நம் ஆட்கள் குடும்பமாக வந்தால் கொத்து, மிக்ஸர், சோடா எல்லாம் இருக்கும், தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் ஒரு போத்தல். திரும்பி வரும்போது யாராவது ஒருவர் படகின் ஓரத்தில் சத்தி எடுப்பார். கடல் பிடிக்கவில்லை என்பார்கள். பாதிப்பேருக்குப் பிடிக்காதது கடல் இல்லை, வெயில்.

சந்தேகப்பிராணி

தேத்தண்ணியைக் கணக்கில் சேர்க்கலாம், அது உடம்பை வற்றச் செய்யாது. அளவோடு குடிக்கும் தேநீரும் கோப்பியும் தண்ணீரைப் போலவே உடம்பில் நிற்கும். சீனிதான் பிரச்சினை, அதில் படகுக்காரரோடு உடன்படுகிறேன்.

உவர் பற்றி: வங்காளதேசத்தின் கரையோர ஊர்களில் உவர்த்தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் கூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரஷர் உள்ளவர்கள் கறியில் உப்பைக் குறைத்துவிட்டுக் கிணற்றில் அதைக் குடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மூதூர்_மருமகள்

எனக்கு நாலு மாதக் குழந்தை. இந்த வெக்கைக்குப் பிள்ளைக்குத் தொண்டை காயும், ஒரு கரண்டி கொதித்தாறிய தண்ணீர் கொடு என்று மாமி நிற்கிறார். கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற_தாதி

வேண்டாம் மகள். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், எந்த வெக்கையிலும். தாய்ப்பாலில் 87 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெயில் கூடினால் பிள்ளையை அடிக்கடி அணையுங்கள். தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு நிரம்பிப் பால் குறையும், கிருமியும் போகும். நீங்கள்தான் கூடக் குடிக்க வேண்டும். வழக்கத்தைவிட 700 மில்லிலீற்றர் அளவில். பாலூட்ட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது சலம் நனைத்தால் பயமில்லை. மாமிக்கு இதைக் காட்டுங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மூதூர்_மருமகள்

காட்டினேன். "அந்தக் காலத்தில் நாங்கள் கொடுத்துத்தான் வளர்த்தோம்" என்றார். ஆனால் கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டார். 😄

சோக்குக்கட்டி

நான் ஒரு கிராமப் பாடசாலையில் கற்பிக்கிறேன், ஊர் வேண்டாம். இத்தனை பேர் எழுதியும், நிரம்பித் திரும்பி வரும் அந்தப் போத்தலைப் பற்றி யாரும் பேசவில்லையே.

அண்ணா, உங்கள் மகளுக்கு விடாய்க்காமல் இல்லை. அவள் குடிக்காமல் இருப்பது திட்டமிட்டு. பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான். காலையில் பாலோ தேத்தண்ணியோ அரைக் கோப்பை, அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் வரை ஒன்றுமில்லை. காரணம் பாடசாலை மலசலகூடம். கதவுக்குக் கொக்கி இருக்காது, இருந்தால் உள்ளே வாளி இருக்காது, வாளி இருந்தால் குழாயில் தண்ணீர் வராது. இடைவேளை இருபது நிமிடம். அத்தனை பிள்ளைகளுக்கு இரண்டு அறை. வரிசையில் நின்றால் சாப்பிட நேரமில்லை. பாட நேரத்தில் கேட்டால் "இப்பதானே இடைவேளை முடிந்தது" என்று சில ஆசிரியர்கள் விடுவதில்லை. மாதவிலக்கு நாட்களில் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த நாட்களில் எத்தனை பிள்ளைகள் வரவே மாட்டார்கள் என்பது இடாப்பைப் பார்த்தாலே தெரியும்.

பிள்ளைகள் மட்டுமா? நாங்களும் அப்படித்தான். கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் பெண்கள் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்துவார்கள். ஹபரணையில் நிறுத்தினால் உண்டு, இல்லாவிட்டால் குருநாகல் வரை பொறுத்துக்கொள்வது. சந்தையில் கடை போடும் அக்காமார், மீன் விற்கும் ஆச்சிமார், வீதி கூட்டுகிறவர்கள், கடையில் நின்றபடி வேலை செய்யும் பிள்ளைகள், எல்லோருக்கும் இதே கணக்கு. ஒரு ஆண் வேலிக்கரையில் ஒதுங்கிவிட்டு வந்து "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று எங்களுக்குச் சொல்வது மிகச் சுலபம். பெண்கள் எவ்வளவு குடிப்பது என்பதை விடாய் தீர்மானிப்பதில்லை. அடுத்த மலசலகூடம் எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஓய்வுபெற்ற_தாதி

ரீச்சர், இதை எழுதியதற்கு நன்றி. சலக்கடுப்போடு வரும் பெண்களிடம் "தண்ணீர் குடிப்பதில்லையா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். ஏன் குடிப்பதில்லை என்று கேட்பவர் குறைவு.

இதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. அடிக்கடி சலக்கிருமித் தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து 12 மாதம் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 1.5 லீற்றர் கூடுதலாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்த வருடம் சராசரியாக 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. மருந்தில்லாமல், வெறும் தண்ணீரால். அடக்கி வைப்பதும் கெடுதல். கிருமி வெளியேறாமல் சலப்பையிலேயே பெருகும்.

கல் விஷயமும் இதனோடு சேர்ந்ததுதான். ஒருமுறை சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வைத்தியர்கள் சொல்வது, நாளுக்கு 2.5 லீற்றர் *சலம் போக* வேண்டும் என்று. குடிப்பது அல்ல, போவது. நம் வெயிலில் அதற்கு 3 லீற்றர் குடித்தாலும் போதாமல் போகலாம். தேசிக்காய் பிழிந்து குடிப்பது நல்லது, அதிலுள்ள சித்திரேற்று கல் கட்டுவதைத் தடுக்கும். சீனி வேண்டாம்.

சந்தேகப்பிராணி

ரீச்சரின் பதிவைப் படித்த பிறகு "விடாய்த்தால் குடியுங்கள்" என்பதோடு ஒரு வரி சேர்க்கிறேன்: குடிக்க வசதியும் போக வசதியும் இருந்தால். மற்றபடி என் கருத்து அதேதான்.

நடைபயணி

நான் கதிர்காமப் பாதயாத்திரையில் வெருகல் பக்கம் வரை கூட நடப்பவன். வழியெல்லாம் தாகசாந்தி நிலையம், சர்பத், மோர், தேசிக்காய்த் தண்ணீர். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுப்பதையெல்லாம் மறுக்காமல் வாங்கிக் குடித்து, வாந்தி, தலையிடி என்று படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கூடினாலும் ஆகாதா?

ஓய்வுபெற்ற_தாதி

ஆகாது. சிறுநீரகம் மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் மணிக்கணக்காக வெறும் தண்ணீரை ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். 2002 பொஸ்டன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 13 வீதமானவர்களுக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது நிறை கூடியவர்களுக்குத்தான், அதாவது வியர்த்ததைவிடக் கூடக் குடித்தவர்களுக்குத்தான், அந்த ஆபத்து அதிகம். தலையிடி, வாந்தி, தடுமாற்றம் என்று வெயில் தாக்கியதைப் போலவே இருக்கும். இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். நீண்ட நடையில் மோர், உப்புப் போட்ட கஞ்சி, இடையில் சோறு என்று கலந்து போங்கள்.

ஆள் பிதற்றினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

நிலாவெளி_படகு

இளநீர்? அதைவிட நல்லது உண்டா?

ஓய்வுபெற்ற_தாதி

விடாய்க்கு நல்லதுதான். அதில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம், ஆகவே வெயிலில் உழைத்தவருக்கு இளநீரோடு உப்புள்ள சாப்பாடும் வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு அந்தப் பொற்றாசியமே ஆபத்து. பார்க்கப் போகும்போது இரண்டு செவ்விளநீர் வெட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். நோயாளி சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர் என்றால் வேறு ஏதாவது கொண்டு போங்கள்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சீனிப் பக்கற்) தான். வீட்டில் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கரண்டி கூம்பாகிவிடாமல் பாருங்கள்.

கிண்ணியா_பாஸ்

பதவி ஸ்ரீபுர பக்கம் ஒருமுறை வேலைக்குப் போனபோது, அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சிறுநீரக நோயாளி. மருந்தடித்த தண்ணீர் என்கிறார்கள், சிலர் கிணற்றுப் புளோரைட் என்கிறார்கள். இதற்கும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்கும் தொடர்பு உண்டா?

சந்தேகப்பிராணி

அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் 1990களில் கவனத்துக்கு வந்த நோய் அது. நம் மாவட்டத்தின் அந்த மூலையும் அதில் சேர்ந்தது. சலரோகமும் பிரஷரும் இல்லாத விவசாயிகளுக்கு வருவதுதான் புதிர். காரணம் இதுதான் என்று ஒன்றை யாரும் நிறுவவில்லை: கடின நீர், புளோரைட், விவசாய மருந்துகள், வெயிலில் திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவது, எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிக்கராகுவா கரும்புத் தோட்டத் தொழிலாளரிடம் இதைப் போன்ற நோய் இருக்கிறது. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் என்று மூன்றையும் வேலைத்தளத்திலேயே ஒழுங்கு செய்யும் திட்டங்கள் நடத்தினார்கள். நானா நீலக் கேனோடு செய்வது ஏறக்குறைய அதேதான்.

நடைபயணி

நின்றுகொண்டு குடித்தால் முழங்கால் தேயும், சாப்பாட்டுக்கு முன் குடித்தால் சமியாது, ஐஸ் தண்ணீர் நெஞ்சில் கொழுப்பைக் கட்டும். இவையும் வாட்ஸப்தானா?

கிண்ணியா_பாஸ்

நாங்கள் இருந்து குடிப்பது மார்க்க வழக்கம். முழங்காலுக்காக இல்லை. 😂

ஓய்வுபெற்ற_தாதி

மூன்றும் வாட்ஸப்தான்.

மட்டுறுத்துநர்

பொதுவான தகவலோடு நிறுத்துவோம். குளிசைப் பெயர், அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அவற்றை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஓர்ஸ்ஹில்_வாசி

எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் நிறை எழுத ஒரு கொப்பி வாங்கி, தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். தம்பிக்கு நானாவின் பதிவை அனுப்பினேன். "எங்கட பாஸுக்கு அனுப்பு" என்று பதில் வந்தது. எனக்கு ஒரு சந்தேகம்: ஏசியில் இருக்கும் நான் போதுமான அளவு குடிக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

மகளிடம் இந்தத் தடவை ஏசாமல், பாடசாலையில் மலசலகூடம் எப்படி என்று கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கதவுக்குக் கொக்கி இல்லை, தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவள் வராத நாளில் போவதில்லை என்றாள். கடைசியாக இரண்டு பாடவேளை விளையாட்டு உள்ள நாளிலும் அப்படித்தானாம். மனைவிக்கு இது முன்பே தெரியும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் அடுத்த வாரம்; கேட்கப் போகிறேன். ரீச்சர், என்ன கேட்டால் நடக்கும்?

சோக்குக்கட்டி

"வசதிகளை மேம்படுத்த வேண்டும்" என்று பேசினால் அறிக்கையில் எழுதிவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார்கள். சின்னதாக, விலையோடு கேளுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் உள்கொக்கி, மூடியுள்ள குப்பை வாளி, தண்ணீர் நிற்கும் நாளுக்கு ஒரு பெரிய பரல், கழுவுகிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் யார் தருவது என்ற முடிவு. நான்காவதுதான் முக்கியம், அதில்தான் எல்லாக் கூட்டமும் முறியும். இன்னொன்று காசில்லாதது: பாட நேரத்தில் கேட்டாலும் பிள்ளையைப் போக விட வேண்டும் என்று அதிபர் ஒரு வரி சொல்வது. எங்கள் பாடசாலையில் அந்த ஒரு வரிக்குப் பிறகு வகுப்பில் போத்தல்கள் மேசைக்கு மேலே வந்தன.

தாய்மாரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அப்பாமார் மட்டும் இருக்கும் கூட்டத்தில் இந்த விஷயம் சிரிப்பாகப் போய்விடும்.

ஓய்வுபெற்ற_தாதி

ஏசி தம்பிக்கு: சலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் போதும், கடும் மஞ்சளோ தேத்தண்ணி நிறமோ என்றால் காணாது. விற்றமின் பி குளிசை எடுத்தால் பளிச்சென்று மஞ்சளாகும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முழுநாளும் நிறமில்லாமல் வெறும் தண்ணீர் போலவே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். காலையில் முதல் தடவை போவது எல்லோருக்கும் கடுமையாகத்தான் இருக்கும்.

வீட்டில் அம்மம்மா, அப்பம்மா இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இரவில் எழும்பப் பயந்துதான் அவர்கள் குடிப்பதில்லை. விழுந்து இடுப்பு முறியும் என்ற பயம் நியாயமானது. காலையிலிருந்து நாலு மணிக்குள் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுங்கள். கேட்டுக் கொடுக்காதீர்கள், கேட்டால் "வேண்டாம்" என்பார்கள். கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கதையுங்கள். கஞ்சி, ரசம், வெள்ளரிப்பழம் எல்லாம் கணக்கில் சேரும். திடீரென்று ஆள் மாறி மாறிப் பேசினால் வயதுக் கோளாறு என்று விடாமல் வாயும் நாக்கும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிண்ணியா_பாஸ்

ஓர்ஸ்ஹில் தம்பி, கொக்கியும் பிணைச்சலும் நீங்கள் வாங்குங்கள். கூலி வேண்டாம், வெள்ளி தவிர எந்தப் பின்னேரமும் இரண்டு பெடியன்களோடு வந்து பூட்டித் தருகிறேன். கதவு இத்துப் போயிருந்தால் அதற்கு வேறு கணக்கு, முதலில் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஓர்ஸ்ஹில்_வாசி

நானா, தனிச் செய்தியில் படம் அனுப்பியிருக்கிறேன். கதவு இரண்டும் கீழே இத்துத்தான் இருக்கிறது.

மூதூர்_மருமகள்

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. மாமாவுக்கு நேற்றுக் கரைத்த ஜீவனி பாதிப் போத்தல் மிச்சம் இருக்கிறது. இன்றைக்குக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற_தாதி

கரைத்து 24 மணித்தியாலம் தாண்டினால் ஊற்றிவிடுங்கள் மகள். புதிதாக ஒரு பக்கற் கரையுங்கள்.